இருபது வருஷத்தில் இருபது மாதம்!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் துபாய்க்கு வேலைக்குப் போகிறார். வயது இருபத்தைந்து. கலியாணம் ஆகி ஆறு மாதம்தான் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறார். வந்தால் இரண்டு மாதம் தங்குகிறார். இப்படியே இருபது வருஷம் ஓடிவிடுகிறது.

இந்த இருபது வருஷத்தில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் எவ்வளவு? பத்துத் தடவை வந்தார். தடவைக்கு இரண்டு மாதம். ஆக மொத்தம் இருபது மாதம். இரண்டு வருஷம்கூட முழுசாக இல்லை!

இது எங்கோ ஒரு வீட்டுக் கதை அல்ல. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கன்னியாகுமரி என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கணக்கில் வாழும் குடும்பங்களைப் பார்க்கலாம். அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். புது வீடு இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி சண்டை இருக்கிறது. சமாதானமும் இருக்கிறது. எல்லாம் டெலிபோனில்!

ஏன் அழைத்துப் போகவில்லை?

"மனைவியையும் கூட அழைத்துப் போனால் என்ன?" என்று சிலர் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள்.

ஆசை இருந்தால் போதாது. சட்டம் இடம் கொடுக்க வேண்டும். துபாய், அபுதாபி எல்லாம் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவி மக்களை வரவழைக்க ஒரு சம்பள வரம்பு உண்டு. 2019-ல் வந்த விதிப்படி மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். கம்பெனியே வீடு கொடுத்தால் 3,000 திர்ஹாம் போதும். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், துப்புரவு வேலை செய்கிறவர் எல்லாம் இந்த வரம்பை எட்டுவது அபூர்வம். எட்டினாலும் வீட்டு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது.

ஆகவே அவர் அங்கே ஓர் அறையில் ஆறு பேரோடு அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார். அவர் அனுப்பிய பணத்தில் இங்கே மூன்று அறை வீடு எழும்பியிருக்கிறது. கட்டியவர் அந்த வீட்டில் எத்தனை நாள் தூங்கினார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்!

தமிழர்களுக்கு இந்தப் பிரிவு புதிதும் அல்ல. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கு வட்டிக் கடைக் கணக்குப் பார்க்கப் போனவர்கள் மூன்று வருஷத் தவணைக்குப் போனார்கள். மனைவி ஊரிலேயே இருப்பாள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிக்கொண்டு போன 'ரஜுலா' கப்பலைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1973-ல் எண்ணெய் விலை ஒரே தாவாகத் தாவியது. வளைகுடா நாடுகளில் பணம் கொழித்தது. சாலை, துறைமுகம், மாளிகை என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கட்டத் தொடங்கினார்கள். கட்டுவதற்கு ஆள் வேண்டுமே! அதற்குப் பிறகுதான் கிழக்கே போன நம் ஊர்க்காரர்கள் மேற்கே போக ஆரம்பித்தார்கள்.

தபாலும் கேசட்டும்

அந்தக் காலத்தில் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே இருந்தது தபால் ஒன்றுதான். நீல நிறத்தில் மடித்து ஒட்டும் விமானத் தபால் காகிதம். அங்கே எழுதியது இங்கே வந்து சேரப் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகும். "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று மனைவி எழுதுவாள். அவர் அதைப் படிக்கும்போது பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அவர் அன்றுதான் கவலைப்பட ஆரம்பிப்பார்!

எழுதத் தெரியாத பெண்களின் பாடு இன்னும் திண்டாட்டம். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனிடம் எதைச் சொல்வது? எதை விடுவது? "இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல்." அதோடு சரி. மனசில் இருந்தது மனசிலேயே தங்கிவிடும்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஊர் ஊராகப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அந்தப் பக்கத்து அம்மாள் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"என் கையெழுத்தில் போன முதல் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. 'இது யார் எழுதினது?'ன்னு பதில் போட்டாங்க. 'நான்தான்'னு அடுத்த காகிதத்தில் எழுதினேன். அதுக்கு அப்புறம்தான் எங்களுக்குள்ள சண்டையே ஆரம்பம்! அதுவரைக்கும் அடுத்த வீட்டுப் பையனை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுறது?"

பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. 1980-களில் விடுமுறையில் வருகிறவர் கையில் அது இருக்கும். மனைவி பேசுவாள். மாமியார் பேசுவார். குழந்தையைக் கிள்ளி அழவிட்டு, அந்த அழுகையையும் பதிவு செய்வார்கள்! யாராவது அக்கரைக்குப் போகும்போது அவர் பெட்டியில் அந்தக் கேசட்டும் போகும். அறையில் இருக்கும் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு வீட்டுக் குழந்தையின் அழுகை ஆறு தகப்பன்மாருக்குப் பொது!

கேரளத்திலும் இதே கதைதான். அங்கே எஸ்.ஏ.ஜமீல் என்ற கவிஞர் 1970-களில் 'துபாய்க் கத்து' என்று ஒரு பாட்டு எழுதினார். கத்து என்றால் கடிதம். துபாயில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதுவது போன்ற பாட்டு. அது பட்டிதொட்டி எங்கும் பரவியது. பிறகு கணவன் எழுதும் பதிலாக இன்னொரு பாட்டையும் அவரே எழுத வேண்டியதாயிற்று.

டெலிபோன் வந்த புதிதில் ஊருக்கு ஒரு வீட்டில்தான் இருக்கும். அதைப் 'பி.பி. நம்பர்' என்பார்கள். "பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள், ஆளைக் கூட்டி வருகிறோம்" என்று போன் வீட்டார் சொல்வார்கள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். மூச்சு வாங்கும். எதிரே போன் வீட்டுக் குடும்பமே உட்கார்ந்திருக்கும். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "சாப்பிட்டேன்" என்பார். மூன்று நிமிஷம் முடிந்துவிடும். ஒரு மாதச் சேமிப்பில் ஒரு பகுதியும் முடிந்துவிடும்.

பிறகு மஞ்சள் போர்டு வைத்த டெலிபோன் பூத் வந்தது. செல்போன் வந்தது. 2003-ம் வருஷம் மே மாதம் முதல் இந்தியாவில் செல்போனுக்கு வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆயிற்று. இன்று முகத்தையே பார்த்துப் பேசலாம். தூரம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஒரு சங்கடம் போய் இன்னொரு சங்கடம் வந்தது என்பதுதான் என் எண்ணம்.

இரண்டு கடிகாரம்

துபாய்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சவூதி, குவைத், கத்தார் கடிகாரங்கள் இரண்டரை மணி நேரம் பின்னால். இந்த வீடுகளில் தாய்மார்களுக்கு இது மனப்பாடம்.

இங்கே காலை ஐந்தரை. துபாயில் நாலு மணி. அவர் கம்பெனி பஸ் வரும் முன்பே குளிக்க வரிசையில் நிற்கிறார். இவள் வாசல் தெளிக்க எழுந்திருக்கிறாள். அப்போது ஐந்து நிமிஷம் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் தூங்குகின்றன. மாமியாரும் தூங்குகிறார். இந்த ஐந்து நிமிஷந்தான் இருவருக்கும் சொந்தம்.

ராத்திரி பேச்சு ஊர்ப் பேச்சு. அது எல்லாருக்கும் பொது. அவர் வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, செல்போனை எடுக்கும்போது இங்கே பத்து மணி ஆகிவிடும். பிள்ளைகள் தூங்கி வழியும். "அப்பாகிட்டே பேசுடா" என்று தாய் எழுப்புவாள். "ம்... ம்..." என்று பிள்ளை முனகும். அந்த 'ம்' கேட்கத்தான் அவர் அவ்வளவு நேரம் காத்திருந்தார்.

விடுமுறை நாளும் ஒத்துப்போகாது. சவூதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. அன்று இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இங்கே ஞாயிற்றுக்கிழமை வீடு கலகலவென்று இருக்கும். அன்று அங்கே அவருக்கு வேலை. ஐக்கிய அரபு அமீரகம் மட்டும் 2022 ஜனவரியில் அரசாங்க விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றியது. அதைப் பின்பற்றிய கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறிக் குழம்பைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கவாவது முடிகிறது. இவர் இங்கே இல்லாததால் சாப்பிட முடியாது. அவ்வளவுதான்!

சொல்லாத சங்கதிகள்

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். நீ?"

"நாங்களும் நல்லா இருக்கோம்."

இந்த மூன்று வாக்கியங்களிலும் எத்தனை பொய் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவருக்குச் சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை. சொல்லவில்லை. இவளுக்கு வயிற்று வலி. டாக்டரிடம் போய்வந்தாள். சொல்லவில்லை. "தூரத்தில் இருக்கிறவங்களை ஏன் கலங்க வைக்கணும்?" என்பது இருவருக்கும் நியாயம்.

"எனக்கு ஏ.சி. ரூம்" என்று அவர் சொல்வார். அது உண்மைதான். தூங்குவது ஏ.சி.யில். வேலை செய்வது வெயிலில்! ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டமே இருக்கிறது என்றால், அங்கே அடிக்கும் வெயில் எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பொத்திப் பொத்தி வைப்பது சாதாரண நாளில் சரி. எல்லா நாளும் சாதாரண நாளா? 1990 ஆகஸ்டு 2-ந் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. டெலிபோன் செத்துப்போயிற்று. கணவர் இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாமல் நம் ஊர்ப் பெண்கள் நாட்கணக்கில் ரேடியோ முன் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை விமானத்தில் அழைத்து வந்தபோது, பலர் கட்டிய துணியோடு வந்து இறங்கினார்கள். 2020-ல் கொரோனா வந்தது. மார்ச்சில் விமானங்கள் நின்றன. மே 7-ந் தேதிதான் சிறப்பு விமானங்கள் கிளம்பத் தொடங்கின. இடையில், ஊரில் தாய் இறந்ததைச் செல்போனில் பார்த்து அழுத மகன்கள் உண்டு.

இப்படி ஒரு நாள் வந்தால் மனைவி கையில் என்ன இருக்கும்? கணவருடைய பாஸ்போர்ட் நகல் இருக்கிறதா? கம்பெனியின் பெயரும் விலாசமும் தெரியுமா? பத்தாம் வகுப்பு முடிக்காமல் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியேற்ற அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அவர்களுக்கு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்ற இன்ஷூரன்ஸ் கட்டாயம். விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்தப் பத்திரம் அவர் பெட்டிக்குள் அங்கே இருந்து என்ன பயன்? ஒரு நகல் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டும். "அபசகுனமாகப் பேசாதீங்க" என்று சில வீடுகளில் இந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

பணம் யார் பேருக்கு?

இந்த வீடுகளில் பெரிய சண்டைக்குக் காரணம் ஒரே கேள்விதான். மாதா மாதம் வரும் பணம் யார் பேருக்கு வருவது? அம்மா பேருக்கா? மனைவி பேருக்கா?

அம்மா பேருக்கு வந்தால், எண்ணெய் தீர்ந்தாலும் மருமகள் கை நீட்ட வேண்டும். மனைவி பேருக்கு வந்தால், "பத்து மாசம் சுமந்தவ நான்" என்று தாய் அழுவார். மகன் என்ன செய்வார்? முதலில் அம்மாவுக்கு ஒரு போன். "தம்பி, நான் ஒண்ணும் சொல்லலே. நீயே உன் பெண்டாட்டியைக் கேட்டுப் பாரு." அடுத்து மனைவிக்கு ஒரு போன். "என்னங்க, நான் ஒண்ணும் சொல்லலே. அத்தையையே கேளுங்க." பகலெல்லாம் செங்கல் சுமந்த மனுஷன் ராத்திரி ஜட்ஜ் வேலையும் பார்க்கிறார்!

கெட்டிக்காரக் குடும்பங்கள் முன்கூட்டியே பிரித்துவிடுகின்றன. அம்மாவுக்கு மருந்துச் செலவு, கோயில் செலவு என்று தனியாக ஒரு தொகை. குடும்பச் செலவு மனைவி கணக்கில். இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் வைத்திருக்கும் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் மனைவி பெயரைச் சேர்க்கலாம். ஆனால் பெயர் இருப்பதாலேயே பணம் எடுத்துவிட முடியாது. கணவர் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். விடுமுறையில் வந்திருக்கும்போது வங்கிக்கு ஒரு நடை போனால் காரியம் முடியும். விருந்து சாப்பிட முப்பது வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த ஒரு நடையை மட்டும் அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப் போடுகிறார்கள்.

விருந்தாளி வந்தார்!

கடைசியில் அவர் வருகிறார். திருச்சி விமான நிலையத்தில் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள். கயிறு கட்டிப் பெரிய எழுத்தில் பெயர் எழுதிய பெட்டிகள். பால் பவுடர், கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், சென்ட், போர்வை. மாமாவுக்கு டார்ச் லைட், சித்திக்குச் சேலை என்று இரண்டு வருஷமாகக் கணக்குப் பார்த்து வாங்கியது. பிரித்த அரை மணியில் தீர்ந்துவிடும். யாராவது ஒருவருக்குக் குறையும் வந்துவிடும்!

அவர் கண் மட்டும் குழந்தையைத் தேடும். மூன்று வயதுப் பெண், தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "அப்பா எங்கே, காட்டு" என்றால் சரேலென்று செல்போனைக் காட்டும்! சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். இரண்டு வாரம் போனால் குழந்தை ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. அதற்குள் திரும்பும் டிக்கெட்டின் தேதி வந்துவிடும்.

கணவன் மனைவி சங்கதி இதைவிடச் சிக்கலானது. இரண்டு வருஷமாக இவள்தான் வீட்டுக்கு எஜமானி. கரண்டு பில் கட்டுவது இவள். ரேஷன் கடை, பள்ளிக்கூடத்தில் கையெழுத்து, கொத்தனாரோடு சண்டை எல்லாம் இவள். இப்போது திடீரென்று, "யாரைக் கேட்டு ஸ்கூலை மாத்தினே?" என்று ஒரு குரல். கேட்பது அவர் உரிமை. ஆனால் அந்த முடிவு எடுத்த ராத்திரி இவள் தனியாகத் தூங்காமல் கிடந்தாளே!

அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மன்னார்குடிப் பக்கத்தில் ஒருவர் சொன்னார்: "என் காசில் கட்டின வீடுங்க. கத்தரிக்கோல் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியலே. ஒவ்வொண்ணுக்கும் அவளைக் கேட்கணும். லாட்ஜில் தங்கின மாதிரி இருக்கு." அவர் தட்டில் முதல் பத்து நாள் கோழியும் மீனும். அது விருந்தாளிக்கு நடக்கும் உபசாரம். என்றைக்கு முதல்நாள் குழம்பைச் சுட வைத்துப் போடுகிறாளோ, அன்றுதான் அவர் வீட்டு மனுஷன்!

அவள் போனால்?

போகிறவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று எண்ண வேண்டாம். நர்ஸ் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்கள் ஏராளம். குடியேற்ற அனுமதி வாங்கி வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் விதி. முப்பது வயது என்றால் பெரும்பாலும் பிள்ளை பெற்றவள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு அங்கே வேறொருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள்.

இங்கே கணவர் பெண்ணுக்குச் சடை பின்னுகிறார். முதலில் கோணல் வகிடு. பள்ளியில் மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு மனைவி செல்போனில் பார்த்துக்கொண்டே, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக் கொடுத்தாளாம். இப்போது இரட்டைச் சடை பின்னுவதில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. ஆனால் தெருவில் அவரைப் பற்றிப் பேசும் பேச்சு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. புருஷன் போனால் "பாவம், குடும்பத்துக்காக உழைக்கிறார்" என்கிற வாய், பெண்டாட்டி போனால் வேறு மாதிரி பேசுகிறது.

ஒரேயடியாக வந்தபின்

கடைசியில் ஒரு நாள், "போதும்" என்று அவர் ஒரேயடியாக வந்துவிடுகிறார். தலை நரைத்திருக்கிறது. சர்க்கரை வியாதி வந்திருக்கிறது. மகளுக்குக் கலியாணம் ஆகிவிட்டது.

அப்படி 26 வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்த ஒருவர் வீட்டுக்குத் தஞ்சாவூர் பக்கம் போயிருந்தேன். வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அம்மாள்தான் பேசினார்:

"கலியாணம் ஆன புதுசில் இவங்களுக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாப் போடணும். அதே ஞாபகத்தில் போட்டுக் கொடுத்தேன். அங்கே போய்ப் பத்து வருஷமா இவங்க சர்க்கரை இல்லாத கட்டன் சாயாதான் குடிக்கிறாங்களாம். என்கிட்டே சொல்லவே இல்லை. போன்ல காபியைப் பத்தி யார் பேசுறா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பழக்க தோஷம், இன்னும் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுகிறாராம். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் கிணற்றடியைக் கழுவுகிறாராம். பாத்திரத்தை உருட்டுகிறாராம்.

"நேத்திக்குச் சொல்லிட்டேன்," என்றார் அம்மாள். "ஏங்க, இது கம்பெனி இல்லை. பஸ் வராது. பேசாமப் படுங்க!"